ஆற்றுப்படையும் சுற்றுலா வண்டியும்

பத்துப்பாட்டின் கடைசி நூலான மலைபடுகடாத்தை நாங்கள் வெகுகாலம் ஒரு புகழ்ப்பாட்டாக மட்டுமே வாசித்து வந்தோம். செங்கண்மாத்து வேள் நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் அவை. எங்கள் வாசகர் வட்டத்தில் அதை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தபோதுதான், நூலின் பெரும்பகுதி மன்னனைவிட வழியைப் பற்றியே பேசுகிறது என்பது உறைத்தது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாசி படிந்து வழுக்கும் நீர்க்கரையை எப்படிக் கடப்பது, தினைப்புனத்துக் காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார் புலவர். மலைச்சிற்றூரில் முன்பின் அறியாதவர் வீட்டிலும் சொந்த வீட்டில் நுழைவதுபோல் நுழையலாம், வயிறார உணவு கிடைக்கும் என்கிறார்.

நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய மலைப்பயணக் கையேடுகளில் இது ஒன்று எனலாம். கவண்கல் பற்றிய பகுதியில் எங்களுக்கு ஒரு தொனி கேட்டது. கல் எறிபவன் மீது புலவருக்குக் குறையே இல்லை. அவன் தன் பயிரைக் காக்கிறான். அவனுடைய வேலை நடக்கும் இடத்துக்குள் போகிற நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். மலை வேடிக்கை பார்க்கும் இடமாவதற்கு முன்பு யாரோ உழைத்துப் பிழைக்கும் இடமாக இருக்கிறது என்னும் அறிவு அந்தக் கூத்தனுக்கு இருந்திருக்கிறது.

இந்த வாசிப்பு எங்களைப் பச்சைமலையில் கொண்டுபோய் நிறுத்தியது. பெரம்பலூரிலிருந்து மேற்கே பார்த்தால் நீலக்கோடாகத் தெரிகிற மலை. திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்கள் மூன்றும் பங்கிட்டுக்கொண்டது. கடல் மட்டத்துக்கு மேல் 500 முதல் 1000 மீட்டர் வரை உயரம். பக்கத்துக் கொல்லிமலைக்கு வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் வாய்த்தார்கள். பச்சைமலைக்கு அப்படியொரு பாடற்புகழ் வாய்க்கவில்லை. சுற்றுலாவிலும் இதே நிலைதான். ஏற்காட்டுக்கும் கொல்லிக்கும் போய் அலுத்தவர்கள் கடைசியில் கண்டுபிடிக்கிற இடம் இது. ‘யாரும் அறியாத மலை’ என்று பயண விளம்பரங்கள் எழுதுகின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்களை அந்த ‘யாரும்’ கணக்கில் சேர்ப்பதில்லை போலும்.

அவர்கள் மலையாளிகள். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள். தமிழே தாய்மொழி. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி வந்து, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என ஆளுக்கொரு மலையில் குடியேறினர் என்பது அவர்கள் வழங்கும் கதை. எந்த மலை பெரியண்ணனுக்கு, எது நடுவண்ணனுக்கு என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபாடு உண்டு. தத்தம் மலைக்கே மூத்தவரைக் கொடுத்துக்கொள்வது இயல்புதானே! பச்சைமலையை அவர்கள் வண்ணாடு, கோம்பைநாடு, தென்பரநாடு என்று நாடுகளாகப் பிரித்து வழங்கினர். 1907இல் ஹெமிங்வே தொகுத்த திருச்சிராப்பள்ளி மாவட்ட விவரச்சுவடியிலும் இம்மலைமக்களைப் பற்றிய செய்திகள் உண்டு.

அம்மலைக்குக் கீழேயிருந்து ஏறிவந்தவர்களின் வரலாறு ஒருவகையில் மலையிலிருந்து இறக்கப்பட்ட பொருள்களின் வரலாறாக இருக்கிறது. துறையூர் ஜமீனின் பிடி மலைமேலும் படர்ந்திருந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பின்னர் காப்புக்காடுகள் எல்லை கட்டப்பட்டன. புனக்காட்டை எரித்து விதைப்பதும் விறகெடுப்பதும் ஆடு மேய்ப்பதும் அனுமதி வேண்டுகிற காரியங்களாயின. நேற்றுவரை வழக்கமாக இருந்தது ஒரே இரவில் குற்றமாயிற்று. 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன் போனது, வனத்துறை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சேலத்தில் வேர்பிடித்த ஜவ்வரிசித் தொழில், சாமையும் தினையும் விளைந்த மலைச்சரிவுகளுக்கு மரவள்ளியைக் கொண்டுவந்தது. கிழங்கு ஏறும் லாரி மலையில் நிற்கிறது. அதன் விலை ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளில் நிற்கிறது. 2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றி, காட்டைப் பற்றிய முடிவுகளில் கிராம சபைக்கு இடம் கொடுத்தது. ஆயினும் நீதிமன்ற இடைக்கால ஆணை ஒன்றால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தடைப்பட்டுக் கிடந்தது.

இந்த வரிசையில் கடைசியாக ஏறியிருப்பது சுற்றுலா வண்டி. மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். மருதையாறு என்று ஓர் ஆறு. பச்சைமலைப் பகுதியில் பிறந்து, பெரம்பலூர் அரியலூர் மாவட்டங்களின் குறுக்கே ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கிறது. கோடையில் மணல் மட்டுமே தெரியும். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அந்த ஆறு பெருக்கெடுத்து அரியலூருக்கருகே ரயில் பாலத்தைச் சிதைத்திருந்தது. தூத்துக்குடி விரைவு வண்டி அதில் விழுந்து 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டில் மகபூப்நகர் விபத்துக்குப் பின் பதவி விலக முன்வந்து, நேருவால் தடுக்கப்பட்டிருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை விலகியே விட்டார். பாலத்தை அவர் கட்டவில்லை, மழையையும் அவர் அனுப்பவில்லை. மக்களை ஏற்றிச் செல்லும் நிறுவனம் ஒன்றின் தலைவர் தன் பொறுப்பின் எல்லையை எவ்வளவு அகலமாக வரைந்துகொண்டார் என்பதற்காகவே இதை இங்கே நினைவுகூர்கிறோம். மலைமேல் பெய்வது மலையோடு முடிவதில்லை என்பதற்காகவும்.

அரியலூரின் மண்ணே இதற்கு இன்னொரு சாட்சி. கிரெட்டேசியக் காலத்தில் அப்பகுதி கடலடியாக இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரம், மேற்கே இருந்த நிலத்திலிருந்து ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடித்து வரப்பட்டது. 1940இல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகுக்குக் காட்டினார். காரைப் பகுதியின் செம்மண் ஓடைகளில் கடலுயிர்களின் கல்லெச்சங்கள் கால்பட்ட இடமெல்லாம் கிடந்ததாகச் சொல்வார்கள். வந்தவர்கள் ஆளுக்கொன்றாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்கள். நேர்மையாகச் சொல்வதானால் எங்கள் வீட்டு அலமாரிகளிலும் ஒன்றிரண்டு கிடந்தன. ‘ஒன்றுதானே’ என்று எடுத்தவர் ஒவ்வொருவரும் எண்ணியிருப்பார்.

எங்கள் பச்சைமலைப் பயணத்தையும் அதே நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வாசகர் சந்திப்பொன்றை மலைமேல் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஏற்பாட்டை ஒரு பயண நிறுவனத்திடம் விட்டோம். இரண்டு வேன்கள், முப்பது பேர். கீழேயே கட்டிக்கொண்டுவந்த சாப்பாட்டுப் பொட்டலங்கள், தண்ணீர்ப் புட்டிகள். ஓடைக்கரையில் அமர்ந்து குறிஞ்சித்திணை பற்றி மூன்று மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது பின்னால் திரும்பிப் பார்த்த நண்பர் ஒருவர்தான் கண்டார்: வயதான ஓர் அம்மாள் நாங்கள் விட்ட பாலிதீன் தாள்களைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். மாடு தின்றுவிடும் என்பதற்காக. வெட்கத்தோடு ஓடிப்போய், “அம்மா, விடுங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்” என்றோம்.

“இருக்கட்டும் சாமி. போன வாரம் வந்தவங்களோடதும் கெடக்கு. சேத்தே பொறுக்கிக்கிறேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பட்டது.

அன்றிரவு வேனில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாங்கள் கொடுத்த பணத்தில் வேன் உரிமையாளருக்கு ஒரு பங்கு, டீசலுக்கு ஒரு பங்கு, சமையல்காரருக்கு ஒரு பங்கு, நிறுவனத்துக்கு மிச்சம். மலையில் தங்கியது முப்பது பேர் குடித்த தேநீரின் விலை மட்டும். குப்பையோ முழுதாக மலைக்குப் போய்விட்டது. நிறுவனம் ஒப்புக்கொண்ட வேலையைக் குறையின்றிச் செய்தது. நாங்கள் கேட்டதே அவ்வளவுதான்.

பயண நிறுவனம் என்னும் அமைப்பே வயதில் இளையது. 1841இல் இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்காக ஆட்களை ரயிலில் அழைத்துப் போன தாமஸ் குக், 1863இல் சுவிட்சர்லாந்து மலைகளுக்குக் கூட்டம் சேர்த்தார். மலைமக்களுக்கு அதனால் வருமானம் வந்தது, விடுதிகள் எழுந்தன. யார் முதலாளி, யார் பணியாள், பனி உருகினால் யார் பொறுப்பு என்ற கேள்விகள் பிந்தித்தான் வந்தன.

அந்தக் கேள்விகளை மலைமக்களே முதலில் கேட்ட ஓர் இடம் இமயத்தில் உண்டு. 1974இல் ரேணி கிராமத்துப் பெண்கள் கௌரா தேவி தலைமையில் மரங்களை அணைத்துக்கொண்டு நின்ற அதே பள்ளத்தாக்கு. அந்த ஆண்டில்தான் நந்தாதேவி வெளிநாட்டு ஏறுநருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. எட்டே ஆண்டுகளில் குப்பையும் காடழிவும் அளவு கடக்க, 1982இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு மூடப்பட்டது. அசுத்தம் செய்தவர் வேறு மலைக்குப் போய்விட்டார். மேய்ச்சலையும் சுமைகூலியையும் வழிகாட்டும் வேலையையும் இழந்தவர் ரேணியும் லாதாவும். மீண்டும் திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, 2001 அக்டோபரில் லாதா கிராம சபை கூடிச் சூழல் சுற்றுலா பற்றி ஓர் அறிக்கையை நிறைவேற்றியது. உள்ளூராரின் உரிமைக்கு முதலிடம், சுற்றுலாவின் பலன் சிலர் கையில் குவியாமை, காட்டுக்குக் கேடில்லாமை என்பன அதன் சாரம். நிறுவனங்களுக்கு எதிரான அறிக்கையன்று அது. வருவதானால் எங்கள் நிபந்தனைகளோடு வாருங்கள் என்பதே அதன் குரல். 2003இல் எண்ணிக்கை வரம்போடு வழி திறந்தது.

நேபாளத்தில் 1986இல் கந்துருக் கிராமத்தில் தொடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புத் திட்டம் வேறொரு வழியை எடுத்தது. நடைப்பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் அப்பகுதியின் பணிகளுக்கே திருப்பப்பட்டது; விடுதிகள் விறகை விட்டு மண்ணெண்ணெய்க்கு மாறப் பழக்கப்பட்டன. தான்சானியாவில் கிளிமஞ்சாரோ சுமைக்காரர்களுக்காக 2003 முதல் இயங்கும் அமைப்பு, கூலி, உணவு, சுமையின் எடை ஆகியவற்றைப் பார்த்து, ஒழுங்காக நடக்கும் நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. மலை ஏற வருபவர் பணம் கட்டுமுன் அதைப் பார்க்கலாம். நிறுவனத்தின் மனச்சான்றை மட்டும் நம்பாமல் வாடிக்கையாளரின் கண்ணையும் துணைக்கு அழைக்கும் ஏற்பாடு இது. எங்களுக்கு மிகவும் பிடித்தது.

நமக்குப் பக்கத்திலேயே பெரியாறு இருக்கிறது. அங்குள்ள காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து விற்றுவந்தவர்கள் 1990களின் பிற்பகுதியில் வனத்துறையோடு உடன்பாட்டுக்கு வந்தனர். வழக்குகளுக்குப் பயந்து இரவில் காட்டில் திரிந்தவர்களே பகலில் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாயினர்; காவலும் அவர்கள் பொறுப்பாயிற்று. காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு அதுவரை சந்தையில் இருந்த ஒரே விலை குற்றத்தின் விலை.

இத்தகைய அறிவு இல்லாமல் ஏறினால் என்ன ஆகும் என்பதை 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டியது. காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் மாண்டனர். அதன்பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 தடங்களை அறிவித்து, மலைவாழ் இளைஞர்களைப் பயிற்றி வழிகாட்டிகளாக்கியது. அதே ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும் என்றாயிற்று. கூட்டம் தாங்காத மலைகளுக்கு நீதிமன்றம் வாசல் வைக்க நேர்ந்தது. பச்சைமலை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. பேச வேண்டிய காலமும் அதனாலேயே இதுதான்.

எங்கள் வட்டத்தில் இதுபற்றி ஒருமித்த கருத்து இல்லை. நண்பர் ஒருவர், “மலைக்கு நாம் செய்யக்கூடிய ஒரே நன்மை அங்கே போகாமல் இருப்பது” என்று அடித்துச் சொன்னார். எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய பேச்சன்று. ஆனால் சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்குச் சாலை போயிற்று, வனத்துறையின் விடுதி வந்தாயிற்று, மழைக்காலத்தில் மயிலூற்றிலும் கோரையாற்றிலும் நீர் விழத் தொடங்கினால் பெரம்பலூரே திரண்டு போகிறது. மலையின் இளைஞர்களோ வேலை தேடித் திருப்பூர்ப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். நாம் போகாவிட்டால் வண்டி நிற்காது. வேறொருவரை ஏற்றிக்கொண்டு போகும்.

ஆகவே வண்டியை நடத்துபவரிடம் கேட்பதற்குச் சில உண்டு. சோற்றைக் கீழேயிருந்து கட்டிவராமல் மலைவீட்டில் சமைக்கச் சொல்லி, அதற்குரிய பணத்தை முன்னதாகவே கொடுக்கலாம். கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1990களிலிருந்து செய்த பணி, சாமைக்கும் தினைக்கும் வாங்குவோர் இருந்தால் பெண்கள் குழுவாகச் சேர்ந்து அவற்றை மறுபடி விளைவிப்பார்கள் என்று காட்டியிருக்கிறது. வாரம் இரண்டு வேன் சாமைச்சோறு கேட்டால் ஒரு சரிவிலாவது மரவள்ளிக்குப் போட்டி வரும். பலாப்பழக் காலத்தில் வருகிறவர் பலாவை மலையிலேயே விலை கொடுத்து வாங்கட்டும். திரும்பும் வழியில் அடிவாரத்து அரும்பாவூரில் அரைமணி நேரம் நிறுத்தினால் போதும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத் தொழில் அவ்வூரினுடையது. சிற்பிகள் வேலை செய்வதைப் பார்த்தவர் வெறுங்கையோடு வரமாட்டார்.

உணவைவிடக் கடினமானது எண்ணிக்கை. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, எந்த ஓடைக்குப் போகலாம், எந்தக் கோவில் திருவிழாவின்போது வரவே கூடாது என்பதை நிறுவனம் தன் அலுவலகத்தில் இருந்து தீர்மானிக்கிறது. அதைத் தீர்மானிக்க வேண்டியது ஊர்க்கூட்டம். கிராம சபையில் போய் நின்று அனுமதி கேட்கும் நிறுவனத்தை நாங்கள் இதுவரை கண்டதில்லை. கேட்டால் சில நாள்களில் ‘வேண்டாம்’ என்ற பதிலும் வரும். அந்த நாளின் வருமானம் போகும். லாபத்துக்கென்றே நடக்கும் தொழிலில் இது சிறிய இழப்பன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அருவி வற்றிப் பாறை முழுக்கப் புட்டிச் சில்லுகள் கிடந்தால் அந்தத் தொழிலே இருக்காதே! மலைமேல் நிலம் வாங்கி விடுதி எழுப்ப முனைவோரிடம் மட்டும் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அது சுற்றுலாவைக் காட்டிலும் ஜமீனுக்கு நெருக்கமான வேலை.

சென்ற ஆண்டு மறுபடி போனோம். வேறொரு நிறுவனம். பன்னிரண்டு பேர். உணவு மலையில், வழிகாட்டி மலையிலிருந்து, குப்பையைக் கீழே கொண்டுவருவது வண்டியின் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டோம். முதல் இரண்டுக்கும் தடையில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். களியும் கீரையும் பரிமாறிய வீட்டில், விலை போதுமா என்று கேட்டதற்கு அந்த வீட்டுப் பெண் சிறிது யோசித்துவிட்டு, “அடுத்த தடவை ரெண்டு நாளு முன்னாடியே சொல்லியனுப்புங்க, சாமை குத்தி வெக்கிறேன்” என்றார்.

பழைய ஓடைக்கரைக்கும் போனோம். அந்த அம்மாளைக் காணவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை, பெயரை அன்று நாங்கள் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. வழிகாட்டிய இளைஞர் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தார். நிறைந்த சாக்கை வேனில் ஏற்ற ஓட்டுநர் முதலில் சம்மதிக்கவில்லை, நாற்றமடிக்கும் என்றார். பின்பக்கம் இடமில்லாததால் நாங்கள் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டோம். சோபனபுரம் சோதனைச்சாவடி தாண்டித் துறையூர் வந்து சேரும்வரை வளைவுக்கு வளைவு அது முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. அதற்குள் எங்களுடையதும் இருந்தது, எங்களுக்கு முன்னால் வந்தவர்களுடையதும் இருந்தது.